எலக்ட்ரான் போனால் பிணைப்பு எப்படி இறுகும்? பிணைப்புத் தரக் கணக்கு

கேட்கப்பட்டது இதுதான்: ஆக்சிஜன் மூலக்கூறின் பிணைப்புத் தரம், அதாவது இரண்டு அணுக்களுக்கு இடையே எத்தனை பிணைப்பு என்று சொல்லும் எண், 2. அதிலிருந்து ஓர் எலக்ட்ரானை எடுத்தால் 2.5 ஆகக் கூடுகிறது. நைட்ரஜனிலோ 3 என்பது 2.5 ஆகக் குறைகிறது. பிணைப்பை உண்டாக்குவதே எலக்ட்ரான்தான் என்னும்போது, அதை எடுத்தால் ஒரு மூலக்கூறில் பிணைப்பு இறுகுவதும் இன்னொன்றில் தளர்வதும் எப்படி? சூத்திரத்தில் எதிலிருந்து எதைக் கழிப்பது, கடைசியில் எதற்காக 2ஆல் வகுப்பது?

சூத்திரத்தை முதலில் எழுதிவிடுகிறேன்.

பிணைப்புத் தரம் = (பிணைப்பு ஆர்பிட்டால்களில் உள்ள எலக்ட்ரான்கள் − எதிர்பிணைப்பு ஆர்பிட்டால்களில் உள்ள எலக்ட்ரான்கள்) / 2

இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் அந்தக் கழித்தல் குறி எதற்காக அங்கே நிற்கிறது என்று புரியாவிட்டால், நீங்கள் கேட்டது போன்ற ஒரு கேள்வி வந்ததும் கணக்கு நின்றுவிடும். எலக்ட்ரான் எங்கே இருந்தாலும் பிணைக்கும் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். எந்த ஆர்பிட்டாலில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது இரண்டு அணுக்கருக்களைச் சேர்த்துப் பிடிக்கும், அல்லது விலக்கும். சில சமயம் இரண்டும் செய்யாமல் ஓரமாக இருக்கும்.

இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் நெருங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு 1எஸ் ஆர்பிட்டால். ஆர்பிட்டால் என்பது ஓர் அலைச்சார்பு; இரண்டு அலைகள் சேர இரண்டு வழிகள் உண்டு. ஒரே குறியோடு சேர்ந்தால் அணுக்கருக்களுக்கு நடுவே அலை பெருக்கிறது, எலக்ட்ரான் அடர்த்தி அங்கே கூடுகிறது, நேர்மின் கொண்ட இரண்டு அணுக்கருக்களும் நடுவிலுள்ள எதிர்மின்னால் இழுக்கப்படுகின்றன. ஆற்றல் இறங்குகிறது. இது பிணைப்பு ஆர்பிட்டால். எதிர்க்குறியோடு சேர்ந்தால் நடுவில் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன. சரியாக நடுத்தளத்தில் எலக்ட்ரான் அடர்த்தி பூஜ்யம். அதைத்தான் கணுத்தளம் என்கிறோம். எலக்ட்ரான் அடர்த்தி இரண்டு புறமும் ஒதுங்கிக்கொள்ள, அணுக்கருக்கள் ஒன்றை ஒன்று விலக்குவதைத் தடுக்க நடுவில் ஆளில்லை. ஆற்றல் ஏறுகிறது. இது எதிர்பிணைப்பு ஆர்பிட்டால். குறிக்கும்போது மேலே ஒரு நட்சத்திரம் இடுவார்கள்.

இரண்டு அணு ஆர்பிட்டால்கள் உள்ளே போனால் இரண்டு மூலக்கூறு ஆர்பிட்டால்கள் வெளியே வரும். எண்ணிக்கை ஒருபோதும் மாறாது. எதிர்பிணைப்பு ஆர்பிட்டால் காலியாக இருக்கும்வரை அதனால் ஒரு கேடும் இல்லை. அதில் எலக்ட்ரான் ஏறும்போதுதான் கீழே சேர்த்த ஆதாயம் கரையத் தொடங்குகிறது.

இப்போது எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக இறக்குவோம். இரண்டு அணுக்கருக்களுக்கும் சேர்த்து ஒரே ஓர் எலக்ட்ரான் இருப்பது ஹைட்ரஜன் மூலக்கூறு அயனி. பிணைப்பு ஆர்பிட்டாலில் 1, எதிர்பிணைப்பில் 0, பாதியாக்கினால் 0.5. அரைப் பிணைப்பு என்பது காகிதத்தில் மட்டும் உள்ள சங்கதி என்று பலர் நினைக்கிறார்கள். இந்த அயனி உண்மையில் இருக்கிறது. அணுக்கருக்களுக்கு இடைப்பட்ட தூரம் 106 பிக்கோமீட்டர், அதைப் பிரிக்க 2.65 எலக்ட்ரான் வோல்ட் தேவை. இன்னோர் எலக்ட்ரானைச் சேர்த்தால் சாதாரண ஹைட்ரஜன் மூலக்கூறு: தரம் 1, நீளம் 74 பிக்கோமீட்டர், பிரிக்கும் ஆற்றல் 4.48 எலக்ட்ரான் வோல்ட். மூன்றாவது எலக்ட்ரானுக்குக் கீழே இடமில்லை, மேலே ஏற வேண்டியதுதான். மூன்று எலக்ட்ரான் கொண்ட ஹீலியம் மூலக்கூறு அயனிக்கு (2 − 1)/2, அதாவது மறுபடியும் 0.5, அதன் நீளமும் 108 பிக்கோமீட்டருக்கு வந்து நிற்கிறது. நான்காவது எலக்ட்ரானும் ஏறினால் (2 − 2)/2 = 0. ஹீலியம் ஏன் ஜோடி சேராத வாயு என்பதற்கு விடை இந்த ஒரு வரியில் இருக்கிறது.

அந்தப் பூஜ்யத்தைப் பற்றி ஒரு சிறு விளக்கம். வரவும் செலவும் சமமானால் அணுக்கள் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் இருக்கும் என்று தோன்றும். உண்மையில் எதிர்பிணைப்பு ஆர்பிட்டால் ஆற்றலில் ஏறும் அளவு, பிணைப்பு ஆர்பிட்டால் இறங்கும் அளவைவிடச் சற்று அதிகம். ஆகவே இரண்டும் நிரம்பினால் மிஞ்சுவது நிகர விலக்கம். 1990களில் மிகக் குளிர்ந்த ஹீலியம் கற்றையில் இரட்டை ஹீலியத்தைக் கண்டார்கள்தான். ஆனால் அதில் அணுக்களுக்கு இடையே சராசரித் தூரம் சுமார் 5,000 பிக்கோமீட்டர். அது வேறு வகை மெல்லிய ஈர்ப்பு, வேதிப்பிணைப்புக் கணக்கில் வராது.

2ஆல் ஏன் வகுக்கிறோம்? இதில் இயற்பியல் ஏதும் இல்லை, மரபுதான். 1916இல் லூயிஸ் ஒரு பிணைப்பு என்பதை எலக்ட்ரான் ஜோடியாக வரையறுத்தார். வேதியியலாளர்கள் ஒற்றை, இரட்டை, முப்பிணைப்பு என்று கோடு போட்டுப் பழகிவிட்டார்கள். மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கையை ஹுண்ட், முல்லிக்கன் இருவரும் வளர்த்தபோது, பழைய கோடுகளோடு புதிய எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டியிருந்தது. பிணைப்பு எலக்ட்ரான்களுக்கும் எதிர்பிணைப்பு எலக்ட்ரான்களுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி என்று 1929இல் வரையறுத்தவர் ஹெர்ஸ்பெர்க். பாதியாக்கியதால் ஹைட்ரஜனுக்கு 1, நைட்ரஜனுக்கு 3 என்று பழகிய எண்களே கிடைத்தன. வகுக்காமல் விட்டிருந்தால் நைட்ரஜனுக்கு 6 என்று சொல்லிக்கொண்டிருப்போம். வேதியியல் ஒன்றும் மாறியிருக்காது.

இனி ஆக்சிஜனைக் கையால் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆக்சிஜன் அணுவில் 8 எலக்ட்ரான்கள், மூலக்கூறில் 16. (அணுக்கருக்களை இணைக்கும் கோட்டை ஒட்டி அமையும் ஆர்பிட்டால் சிக்மா, அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் அமைவது பை, நட்சத்திரம் இருந்தால் எதிர்பிணைப்பு.) இதில் 1எஸ் எலக்ட்ரான்கள் 4. சிக்மா 1எஸ்ஸில் 2, சிக்மா* 1எஸ்ஸில் 2 என்று ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடுவதால் அவற்றை எண்ணினாலும் எண்ணாவிட்டாலும் விடை ஒன்றே. மீதி 12 இணைதிறன் எலக்ட்ரான்கள். கீழிருந்து நிரப்புகிறோம்: சிக்மா 2எஸ்ஸில் 2, சிக்மா* 2எஸ்ஸில் 2, சிக்மா 2பியில் 2, அடுத்து சம ஆற்றல் கொண்ட இரண்டு பை 2பி ஆர்பிட்டால்களில் 4. இதுவரை 10. எஞ்சிய 2 எலக்ட்ரான்களும் சம ஆற்றல் கொண்ட இரண்டு பை* 2பி ஆர்பிட்டால்களுக்குப் போக வேண்டும். ஹுண்ட் விதிப்படி ஆளுக்கு ஓர் அறை, சுழற்சி ஒரே திசையில். பிணைப்புப் பக்கம் 2 + 2 + 4 = 8. எதிர்பிணைப்புப் பக்கம் 2 + 2 = 4. வித்தியாசம் 4, பாதி 2.

மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதுவும் சிக்மா* 2எஸ்ஸில் உள்ள இரண்டை மறந்துவிடுவதால். "அது நிரம்பிப்போன கீழ் ஆர்பிட்டால்தானே" என்று விட்டுவிட்டு, அதன் ஜோடியான சிக்மா 2எஸ்ஸை மட்டும் எண்ணுவார்கள். விடை 3 என்று வந்து நிற்கும். விட்டால் இரண்டையும் சேர்த்து விட வேண்டும், எண்ணினால் இரண்டையும் எண்ண வேண்டும்.

ஆக்சிஜனில் மேல்மட்டத்தில் இருக்கும் அந்த இரண்டு தனி எலக்ட்ரான்களைக் கவனியுங்கள். இரண்டும் பை* ஆர்பிட்டாலில், அதாவது அணுக்களைப் பிரிக்கும் பக்கத்தில் இருக்கின்றன. மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானை எடுக்கும்போது வெளியேறுவது மேலே இருப்பதுதான். ஆகவே போவது செலவுப் பக்கத்தில் இருந்த ஒன்று: (8 − 3)/2 = 2.5. நைட்ரஜனில் 10 இணைதிறன் எலக்ட்ரான்கள், பை* காலி. மேலே இருப்பது சிக்மா 2பி என்னும் பிணைப்பு ஆர்பிட்டால். அங்கிருந்து ஒன்று போனால் போவது வரவு: (7 − 2)/2 = 2.5. இரண்டு அயனிகளும் ஒரே எண்ணில் வந்து சேர்கின்றன, ஒன்று கீழிருந்து ஏறி, மற்றது மேலிருந்து இறங்கி. நீளத்தைப் பார்த்தால் இன்னும் நம்பிக்கை வரும். ஆக்சிஜன் 120.7 பிக்கோமீட்டரிலிருந்து 111.6க்குச் சுருங்குகிறது, நைட்ரஜன் 109.8இலிருந்து 111.6க்கு நீள்கிறது.

இது வெறும் வரைபட வித்தை அல்ல என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று அயனியாக்கும் ஆற்றலில் இருக்கிறது. தனி ஆக்சிஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 13.62 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து பிடுங்க 12.07 போதும். தனி நைட்ரஜன் அணுவுக்கு 14.53, நைட்ரஜன் மூலக்கூறுக்கு 15.58. மூலக்கூறானதும் ஒன்றில் எலக்ட்ரானை எடுப்பது எளிதாகிறது, மற்றதில் கடினமாகிறது. எதிர்பிணைப்பு ஆர்பிட்டால் தனி அணுவின் ஆர்பிட்டாலைவிட உயரத்தில் இருக்கிறது, பிணைப்பு ஆர்பிட்டால் தாழ்வில் இருக்கிறது என்பதன் நேரடி அடையாளம் இது. புளூரினிலும் அப்படியே: அணுவுக்கு 17.42, மூலக்கூறுக்கு 15.70. அதன் மேல்மட்ட எலக்ட்ரான்களும் பை* ஆர்பிட்டாலில்தான் உள்ளன.

இந்த எண்களை வைத்து அயனியின் பிணைப்பு ஆற்றலையே கணக்கிட்டுவிடலாம். ஆக்சிஜன் மூலக்கூறைப் பிரிக்க 5.12 எலக்ட்ரான் வோல்ட். பிரிந்த அணுக்களில் ஒன்றை அயனியாக்க 13.62. இரண்டும் சேர்ந்து 18.74. இதே முடிவுக்கு வேறு வழியிலும் போகலாம்: முதலில் மூலக்கூறை அயனியாக்கி, அதாவது 12.07 செலவிட்டு, பிறகு அந்த அயனியைப் பிரிப்பது. ஆற்றல் அழியாது என்பதால் இரண்டு வழிக்கும் மொத்தச் செலவு ஒன்றே. எனவே அயனியைப் பிரிக்க 18.74 − 12.07 = 6.67 எலக்ட்ரான் வோல்ட். 5.12 இருந்த பிணைப்பு 6.67 ஆகியிருக்கிறது. நைட்ரஜனுக்கு இதே கணக்கைப் போட்டால் 9.76 + 14.53 − 15.58 = 8.71, குறைந்திருக்கிறது. ஆர்பிட்டால் என்ற சொல்லையே உச்சரிக்காமல், அளந்த எண்களை மட்டும் கூட்டிக் கழித்து உங்கள் கேள்விக்கு விடை வந்துவிட்டது. "எலக்ட்ரானை எடுத்தால் பிணைப்பு எப்படி வலுக்கும்" என்று கேட்கும் எவரிடமும் முதலில் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

நைட்ரஜனில் இன்னும் நுணுக்கமாகவும் பார்க்க முடியும். ஒளி எலக்ட்ரான் நிறமாலையில் நைட்ரஜனின் வெவ்வேறு ஆர்பிட்டால்களிலிருந்து எலக்ட்ரானைத் தனித்தனியாக வெளியேற்றிப் பார்க்கலாம். 15.58 எலக்ட்ரான் வோல்ட்டில் சிக்மா 2பியிலிருந்து ஒன்று போகிறது; நீளம் 109.8இலிருந்து 111.6 ஆகிறது, அதாவது மிகச் சிறிய மாற்றம். சுமார் 16.7இல் பை 2பியிலிருந்து ஒன்று போகிறது, நீளம் 117.5 ஆகிறது, பெரிய மாற்றம். சுமார் 18.75இல் சிக்மா* 2எஸ்ஸிலிருந்து ஒன்று போகிறது, நீளம் 107.4 ஆகச் சுருங்குகிறது. ஒரே மூலக்கூறு, ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் எலக்ட்ரான்தான் போகிறது. எங்கிருந்து போகிறது என்பதைப் பொறுத்துப் பிணைப்பு கொஞ்சம் நீள்கிறது, நிறைய நீள்கிறது, சுருங்கவும் செய்கிறது. முதல் இரண்டுக்கும் சூத்திரம் தருவது 2.5தான், ஆனால் நீளங்கள் 111.6, 117.5 என்று விலகி நிற்கின்றன. சூத்திரம் எல்லாப் பிணைப்பு எலக்ட்ரானுக்கும் ஒரே விலை போடுகிறது. இயற்கை அப்படிப் போடுவதில்லை. நைட்ரஜனில் 2எஸ், 2பி ஆர்பிட்டால்கள் ஆற்றலில் நெருக்கமாக இருப்பதால் சிக்மா ஆர்பிட்டால்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. அந்தக் கலப்பில் மேல் சிக்மா தன் பிணைக்கும் சக்தியில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது.

ஆர்பிட்டால்களின் வரிசை ஏன் இரண்டு விதமாகப் புத்தகத்தில் இருக்கிறது என்பதற்கும் இந்தக் கலப்புதான் காரணம். நைட்ரஜன் வரை பை 2பி கீழே, சிக்மா 2பி மேலே. ஆக்சிஜன், புளூரினில் தலைகீழ். மாணவர்கள் இதை நினைத்துப் பதறுவதைப் பார்த்திருக்கிறேன். பிணைப்புத் தரம் மட்டும் கேட்டால் பதற வேண்டாம்: பை 2பி, சிக்மா 2பி இரண்டுமே பிணைப்பு ஆர்பிட்டால்கள், எது முதலில் நிரம்பினாலும் கூட்டுத்தொகை மாறாது. வரிசை முக்கியமாவது காந்தத் தன்மையைக் கேட்கும்போது. போரான் மூலக்கூறில் சிக்மா 2பி முதலில் நிரம்பியிருந்தால் எல்லா எலக்ட்ரானும் ஜோடியாகி அது டயாகாந்தமாக, அதாவது காந்தத்தால் இழுக்கப்படாததாக, இருந்திருக்கும். உண்மையில் அது பாராகாந்தம், அதாவது காந்தத்தால் இழுக்கப்படுவது. இரண்டு தனி எலக்ட்ரான்கள் ஆளுக்கொரு பை ஆர்பிட்டாலில். தரம் எப்படிப் போட்டாலும் 1.

காந்தம் என்றதும் ஆக்சிஜனைச் சொல்லாமல் போக முடியாது. திரவ ஆக்சிஜன் காந்த முனைகளுக்கு இழுக்கப்படுவதை 1891இல் ஜேம்ஸ் டூவார் காட்டினார். புள்ளிகள் வைத்து எழுதும் லூயிஸ் அமைப்பில் ஆக்சிஜனின் எல்லா எலக்ட்ரான்களும் ஜோடியாகிவிடும். காந்தத்துக்கு இழுபடக் காரணமே இருக்காது. 1929இல் லென்னார்டு ஜோன்ஸ் மூலக்கூறு ஆர்பிட்டால் முறையில் அந்த இரண்டு தனி எலக்ட்ரான்களும் பை* இல் இருப்பதைக் காட்டியபோது முடிச்சு அவிழ்ந்தது. தரம் 2, அதே நேரத்தில் பாராகாந்தம்: இரண்டையும் ஒரே படம் சொல்கிறது.

ஆக்சிஜனிலிருந்து எலக்ட்ரான் எளிதில் போகும் என்ற செய்திக்கு இன்னொரு பெரிய பலனும் உண்டு. 1962இல் நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்சாபுளூரைடு ஆக்சிஜனிலிருந்தே எலக்ட்ரானைப் பறித்துவிடுவதைக் கண்டார். கிடைத்த உப்பில் இருந்தது தரம் 2.5 கொண்ட அந்த ஆக்சிஜன் அயனி. செனானின் அயனியாக்கும் ஆற்றல் 12.13 எலக்ட்ரான் வோல்ட், ஆக்சிஜன் மூலக்கூறின் 12.07க்கு மிக அருகில். அப்படியானால் செனானிலிருந்தும் பறிக்கலாமே என்று முயன்றார்; எதனோடும் சேராது என்று எல்லோரும் நம்பிய வாயுவின் முதல் சேர்மம் பிறந்தது.

ஆக்சிஜனோடு எலக்ட்ரான்களைச் சேர்த்துக்கொண்டே போனாலும் கணக்கு ஒழுங்காக நடக்கிறது. ஒன்று சேர்ந்தால் சூப்பர் ஆக்சைடு அயனி: (8 − 5)/2 = 1.5, நீளம் சுமார் 133. இன்னொன்று சேர்ந்தால் பெராக்சைடு: (8 − 6)/2 = 1, நீளம் சுமார் 149. அயனி, மூலக்கூறு, சூப்பர் ஆக்சைடு, பெராக்சைடு என்ற வரிசையில் தரம் 2.5, 2, 1.5, 1, நீளம் ஏறத்தாழ 112, 121, 133, 149. இவ்வளவு சீரான வரிசை வேதியியலில் அதிகம் கிடைக்காது.

வேறு வேறு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகளுக்கும், அவை பக்கத்துப் பக்கத்துத் தனிமங்களாக இருந்தால், இதே வரைபடம் செல்லும். நைட்ரிக் ஆக்சைடில் 11 இணைதிறன் எலக்ட்ரான்கள். பிணைப்பில் 8, எதிர்பிணைப்பில் 3, தரம் 2.5. பை* இல் தனியாக நிற்கும் அந்த எலக்ட்ரானைப் பிடுங்க 9.26 எலக்ட்ரான் வோல்ட் போதும். நைட்ரஜன் அணுவுக்கும் ஆக்சிஜன் அணுவுக்கும் தேவைப்படுவதைவிட மிகக் குறைவு. அது போனதும் தரம் 3, நீளம் 115இலிருந்து 106. சயனைடு அயனியில் கார்பன் 4, நைட்ரஜன் 5, எதிர்மின் சுமைக்கு 1, மொத்தம் 10, தரம் 3. அயனிகளில் சுமையின் குறியைத் தலைகீழாகப் போட்டுவிடாதீர்கள்: எதிர்மின் சுமை என்றால் எலக்ட்ரானைக் கூட்ட வேண்டும், நேர்மின் சுமை என்றால் கழிக்க வேண்டும்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருப்பார்கள்: மொத்த எலக்ட்ரான் 14 என்றால் தரம் 3, அதிலிருந்து ஒன்று கூடினாலும் குறைந்தாலும் 0.5 கழியும். இது தவறல்ல. 14இல் 2பி பிணைப்பு ஆர்பிட்டால்கள் எல்லாம் சரியாக நிரம்பியிருக்கின்றன. ஒன்று குறைந்தால் வரவு குறையும், ஒன்று கூடினால் பை* இல் ஏறிச் செலவாகும். 8 முதல் 20 எலக்ட்ரான் வரை இது ஓடும். அதற்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் விழுவீர்கள். லித்தியம் ஹைட்ரைடை எடுங்கள்: மொத்தம் 4 எலக்ட்ரான். குறுக்குவழி இங்கே எதிர்மறை எண்ணையே தரும். ஹீலியம் ஜோடியிலும் 4 என்பதால் பூஜ்யம் என்று சிலர் எழுதுவார்கள். உண்மையில் லித்தியத்தின் 1எஸ் எலக்ட்ரான்கள் இரண்டும் ஆழத்தில் லித்தியத்தோடேயே ஒட்டிக் கிடக்கின்றன. பிணைக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. மீதி இரண்டும் பிணைப்பு ஆர்பிட்டாலில். தரம் 1. ஹைட்ரஜன் புளூரைடிலும் அப்படித்தான்: 8 இணைதிறன் எலக்ட்ரான்களில் 6 புளூரினோடு தங்கிவிடுகின்றன, பிணைப்பில் இருப்பவை 2, தரம் 1. மொத்தம் 10 என்பதால் குறுக்குவழியும் 1 என்றே சொல்லும், ஆனால் அது தற்செயல். பிணைப்பில் ஈடுபடாத ஆர்பிட்டால் என்று மூன்றாவது வகை ஒன்று உண்டு; அதில் இருக்கும் எலக்ட்ரான்களைச் சூத்திரத்தின் எந்தப் பக்கத்திலும் எழுதக் கூடாது.

கார்பன் மோனாக்சைடில் இந்த வகைப் பிரிவே மங்கிவிடுகிறது. 10 இணைதிறன் எலக்ட்ரான், தரம் 3, நீளம் 112.8. ஒன்றை எடுத்தால் சூத்திரப்படி 2.5, ஆகவே நீள வேண்டும். அளந்தால் 111.5, சுருங்கியிருக்கிறது. மேல்மட்ட சிக்மா ஆர்பிட்டாலில் இருப்பது பெரும்பாலும் கார்பன் முனையில் ஒதுங்கிய தனி இணை, அதாவது பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடி. கலப்பினால் அது சற்றே எதிர்பிணைப்புச் சாயல் கொண்டது. அதே சமயம் மேலே ஆக்சிஜனுக்குப் போட்ட ஆற்றல் கணக்கை இதற்குப் போட்டால் 11.11 + 11.26 − 14.01 = 8.36, பிரிக்கும் ஆற்றல் குறைந்திருக்கிறது. நீளம் ஒன்றைச் சொல்ல ஆற்றல் வேறொன்றைச் சொல்கிறது. இதைக் கண்டு சூத்திரத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. முழு எண்ணாக வரவு வைக்க முடியாத எலக்ட்ரானை முழு எண்ணாக வைத்ததன் விளைவு இது என்று புரிந்தால் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. தரம் ஒன்றாக இருந்தால் வலிமையும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹைட்ரஜன், லித்தியம், புளூரின் மூன்று மூலக்கூறுகளுக்கும் தரம் 1. பிரிக்கும் ஆற்றல் முறையே 4.48, சுமார் 1, சுமார் 1.6 எலக்ட்ரான் வோல்ட். லித்தியத்தில் பெரிய, பரந்த 2எஸ் ஆர்பிட்டால்கள் 267 பிக்கோமீட்டர் தள்ளி நின்று மெல்ல மேற்பொருந்துகின்றன. புளூரினில் நிரம்பி வழியும் பை* எலக்ட்ரான்கள், நான் முன்பு சொன்னபடி, பை தந்ததைவிட அதிகமாகவே பறித்துக்கொள்கின்றன. தரத்தை ஒப்பிடுவது ஒரே அணு ஜோடிக்குள், ஆக்சிஜன் வரிசையில் செய்தது போல, செய்தால்தான் பொருள் உண்டு. பூஜ்யத் தரம் கொண்ட பெரிலியம் ஜோடி கூட 245 பிக்கோமீட்டரில் மெல்லியதாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரிக்க 0.1 எலக்ட்ரான் வோல்ட் அளவே போதும்.

மூன்று, நான்கு அணுக்கள் கொண்ட மூலக்கூறானால் "இது பிணைப்பு, இது எதிர்பிணைப்பு" என்று ஒரு ஆர்பிட்டாலுக்கு ஒரே முத்திரை குத்த முடியாது. நான்கு கார்பன்கள் வரிசையாக நிற்கும் பியூட்டாடையீனின் இரண்டாவது பை ஆர்பிட்டால் ஓரத்துப் பிணைப்புகளில் பிணைக்கிறது, நடுப் பிணைப்பில் எதிர்க்கிறது. இதற்குத்தான் 1939இல் கூல்சன் ஒரு வழி சொன்னார்: பக்கத்து இரண்டு அணுக்களின் கெழுக்களை (ஆர்பிட்டாலில் ஒவ்வோர் அணுவின் பங்கைக் காட்டும் எண்களை) பெருக்கி, எலக்ட்ரான் எண்ணிக்கையால் பெருக்கி, எல்லா ஆர்பிட்டால்களுக்கும் கூட்டு. முதல் ஆர்பிட்டாலின் கெழுக்கள் 0.372, 0.602, 0.602, 0.372, இரண்டாவதின் கெழுக்கள் 0.602, 0.372, −0.372, −0.602. ஓரப் பிணைப்புக்கு 2 × 0.372 × 0.602 என்பது இரண்டு முறை, கூட்டினால் ஏறத்தாழ 0.89. நடுப் பிணைப்புக்கு 2 × 0.602 × 0.602 கூட்டு, 2 × 0.372 × 0.372 கழி, ஏறத்தாழ 0.45. கழித்தல் இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள், எதிர்க்குறிக் கெழுவின் வடிவில். சிக்மாவுக்கு 1 சேர்த்தால் 1.89, 1.45. நடுவிலுள்ள "ஒற்றைப்" பிணைப்பு சாதாரண ஒற்றைப் பிணைப்பைவிடக் குட்டையாக இருப்பதன் காரணம் இதில் தெரிகிறது. பென்சீனுக்கு இதே முறை ஒவ்வொரு பிணைப்புக்கும் 1.67 தரும், உடனிசைவு அமைப்புகளை (ஒற்றை, இரட்டைக் கோடுகளை இடம் மாற்றி வரையும் படங்களை) வைத்துச் சொல்லும் 1.5 வேறு வரையறையில் வந்தது, இரண்டையும் குழப்ப வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இந்தக் கணக்கைப் பின்னோக்கி ஓட்டுவது. ஆக்சிஜன் அணுக்கள் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று அதிரும் அதிர்வை நிறமாலையில் அளக்கலாம். தரம் இறங்க இறங்க அதிர்வெண்ணும் இறங்கும். ஆக்சிஜன் வாயுவில் அது சென்டிமீட்டருக்கு 1,556 அலைகள்; சூப்பர் ஆக்சைடில் 1,100 முதல் 1,150க்குள். நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜன் சேர்ந்திருக்கும்போது அளந்தால் 1,107 கிடைக்கிறது. வாயுவின் எண்ணை விட்டுவிட்டு சூப்பர் ஆக்சைடின் பக்கம் வந்துவிட்டது. அப்படியானால் இரும்பிலிருந்து ஏறத்தாழ ஓர் எலக்ட்ரான் அளவு ஆக்சிஜனின் பை* ஆர்பிட்டாலுக்குப் போயிருக்க வேண்டும். தரம் 2இலிருந்து 1.5ஐ நோக்கி இறங்கியிருக்கிறது. நுரையீரலில் ஏறிக்கொண்ட ஆக்சிஜன் திசுவில் இறங்கும்போது அந்த எலக்ட்ரானை இரும்பிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடியும் தரம் 2 கொண்ட மூலக்கூறாகப் போகிறது.